கேம் நடுவில் உறைந்து விழுந்தால்: காசு கேட்கும் பூஸ்டரும் இலவசமாகக் கிடைக்கும் ஐந்து கருவிகளும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். கேம் உறைந்து போவதையும் கிராஷ் ஆவதையும் ‘ஒரே கிளிக்கில்’ சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் கேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறா எதற்கும் பணம் தராதீர்கள். விண்டோஸுக்குள்ளேயே யாரும் தொடாமல் கிடக்கும் ரிலையபிலிட்டி மானிட்டர், அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஓசிசிடி, மெம்டெஸ்ட்86, பழைய கிராபிக்ஸ் டிரைவரைத் துடைக்கும் டிடியூ, இவை போதும். டிடியூவைத் தவிர இவை எதுவும் கோளாறைச் சரிசெய்யாது, எங்கே கோளாறு என்று காட்டும். பெரும்பாலான நேரம் நமக்குத் தெரியாமல் இருப்பதே அந்த இடம்தான். அது தெரிந்துவிட்டால் மிச்சம் சில நிமிட வேலை, அல்லது வாரன்டியில் அனுப்பும் வேலை.

பூஸ்டரைப் பற்றி முதலில். என் கணினியில் கேம் உறைந்துகொண்டிருந்தபோது, காசு கொடுத்து வாங்கிய ஒன்றை (பெயர் வேண்டாம், இந்த வகை எல்லாமே ஒரே அச்சுதான்) வம்படியாகச் சோதித்துப் பார்த்தேன். ஸ்கேன் ஓடியது, சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான ‘பிரச்சினைகள்’ வந்தன, ‘எல்லாவற்றையும் சரிசெய்’ என்ற பொத்தானை அழுத்தினேன், எல்லாம் பச்சையாகிவிட்டது, கேம் பழையபடியே உறைந்தது. அதோடு விடாமல், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, வேறு எதையும் நிறுவாமல், இதை மட்டும் ஏற்றி ஸ்கேன் செய்தேன். அப்போதும் நூற்றுக்கணக்கான பிரச்சினைகள்! பிரித்துப் பார்த்தால் பிரவுசர் குக்கீ, தற்காலிகக் கோப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எங்கேயும் போகாத ஒரு வரி, இதெல்லாம்தான். இவற்றால் ஒரு கேமும் கிராஷ் ஆகாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆதரவுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அப்டேட்டர் இன்னும் மோசம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சிப்செட் டிரைவரின் மேல் எங்கிருந்தோ எடுத்த ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். கிராபிக்ஸ் டிரைவர் வேண்டுமென்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலேயே எடுங்கள், மற்றவை மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரித்தவரின் தளத்தில் இருக்கும்.

சரி, உபயோகமான பக்கத்துக்கு வருவோம்.

எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்னாலும் கேம் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். ‘கேம் ஹேங் ஆகிறது’ என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. படம் மட்டும் நின்று, பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்து, கொஞ்ச நேரத்தில் திரை ஒருமுறை கறுத்து மீண்டு வந்தால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் பக்கம். படமும் நின்று, சத்தமும் ஒரே துண்டில் ‘ட்ர்ர்ர்’ என்று மாட்டிக்கொண்டு, மவுஸும் நகராமல், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருந்தால் ராம், பிராசசர், மதர்போர்டு பக்கம் சந்தேகம் போகலாம். எந்த அறிவிப்பும் இல்லாமல் கணினியே பொத்தென்று அணைந்து தானாக மறுபடி கிளம்பினால் பவர் சப்ளை. எந்தச் செய்தியும் இல்லாமல் நேராக டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தால் எதுவாகவும் இருக்கலாம், கேமே மோசமாக எழுதப்பட்டிருக்கலாம். இதெல்லாம் விதி கிடையாது, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதற்கான குறிப்புதான்.

திரை கறுத்து மீள்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் பொறுமையிழந்து அதன் டிரைவரை ரீசெட் செய்துவிடும். டெஸ்க்டாப் பிழைத்துக்கொள்ளும், ஆனால் கேமின் கையிலிருந்த கிராபிக்ஸ் இணைப்பு போய்விடும், அதனால்தான் ‘டிவைஸ் ரிமூவ்ட்’ என்றோ ‘டிவைஸ் ஹங்’ என்றோ சொல்லிவிட்டுச் சாகிறது. யாரும் கார்டைக் கழற்றவில்லை, ஆகவே அந்த வார்த்தையைப் பார்த்துப் பதறாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியை 8, 10 என்று கூட்டச் சொல்லும் யோசனை எங்கே தேடினாலும் கிடைக்கும். கனமான ரெண்டரிங் வேலை செய்பவர்களுக்கு அது சரி. கேமுக்கு அதைச் செய்தால் பெரும்பாலும் 2 விநாடி உறைந்தது 10 விநாடி உறைந்து, அப்புறம் விழும்.

ரிலையபிலிட்டி மானிட்டருக்கு என் மதிப்பெண் ரொம்ப அதிகம், காரணம் அதன் எளிமை. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும், அதுதான். தேதிவாரியாக ஒரு வரைபடம், கோளாறு நடந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி, கீழே அன்றைக்கு என்ன நிறுவப்பட்டது, எது அப்டேட் ஆனது என்ற பட்டியல். ‘போன வாரம்வரை நன்றாக ஓடியதே’ என்பவர்கள் இங்கேதான் வர வேண்டும். சிவப்புக் குறிகள் தொடங்கும் நாளுக்கு ஒட்டி முன்னால் ஒரு டிரைவர் அப்டேட்டோ விண்டோஸ் அப்டேட்டோ இருந்தால் பாதி விசாரணை முடிந்தது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு வந்தபோது யூபிசாஃப்ட்டின் சில கேம்கள் தொடங்கும்போதும் ஆடும்போதும் உறைந்துபோய், அவை நிறுவப்பட்ட கணினிகளுக்கு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட்டே நிறுத்தி வைத்தது. அப்படி நேரங்களில் ராமைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அதில் ஒரு கேமின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் விவரம் விரியும். எக்ஸெப்ஷன் கோடு என்ற வரியில் பூஜ்யங்கள் வரிசைகட்டி நின்று கடைசியில் ஒரு 5 இருந்தால், கேம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டது என்று அர்த்தம். இது கேமின் பிழையாகவும் இருக்கும், ராம் கெட்டுப்போனதாகவும் இருக்கும், இந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்ட முடியாது. அதைவிட முக்கியம், எந்தக் கோப்பில் கேம் விழுந்தது என்று சொல்லும் ‘ஃபால்டிங் மாட்யூல்’ வரி. ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயர் வந்தால் மென்பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை கேம், ஒருமுறை டிரைவர், ஒருமுறை சம்பந்தமே இல்லாத பிரவுசர் என்று இஷ்டத்துக்கு மாறிக்கொண்டே இருந்தால் ஹார்டுவேரைச் சந்தேகப்படுங்கள். நான் இந்தக் கருவியிடமிருந்து பெற்றதிலேயே பெரிய உதவி இந்த ஒரு வித்தியாசம்தான். இன்னும் ஆழமாகப் போக ஈவன்ட் வியூவர் இருக்கிறது, ஆனால் ஒழுங்காக ஓடும் கணினியிலும் அதில் சிவப்பும் மஞ்சளும் நிறைந்துதான் இருக்கும், புதியவர்கள் மிரண்டுவிடுவார்கள். குறிப்பாக ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். கணினி முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள், நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்தாலும் அது வரும். தேட வேண்டியது ‘டபிள்யூஹெச்இஏ-லாகர்’ என்று வரும் வரிகளை. அவை ஹார்டுவேர் தானே கொடுத்த புகார்.

அடுத்தது ஹெச்டபிள்யூஇன்ஃபோ, கணினியின் சூடு, வோல்டேஜ், மின்விசிறி வேகம் எல்லாவற்றையும் காட்டும் கருவி. திறந்ததும் ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்பதை டிக் செய்துவிட்டு உள்ளே போங்கள், இல்லையென்றால் தேவையில்லாத ஜன்னல்கள் முன்னால் வந்து நிற்கும். உள்ளே போனாலும் முதல் பார்வைக்குத் தலை சுற்றும், நூற்றுக்கும் மேல் வரிகள், சின்ன எழுத்து, எது முக்கியம் என்று சொல்ல ஆளில்லை. வடிவமைப்புக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் கீழே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் எல்லா அளவுகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அதற்காகவே இந்தக் குழப்பத்தை மன்னிக்கலாம். அதை ஓடவிட்டு கேமை ஆடுங்கள். உறைந்து விழுந்த பிறகு அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள் (உறைந்த கணத்துக்கு முந்தைய ஓரிரு விநாடி கோப்பில் ஏறாமல் போகலாம், அதைக் கணக்கில் வையுங்கள்).

என் கணினியில் அந்தக் கடைசி வரிகள் சொன்னது இது: கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி, அதன் ஹாட்ஸ்பாட் (அதிலேயே மிகச் சூடான இடம்) 80-ஐ ஒட்டி, பிராசசர் 71, மின்விசிறி வேகம் சீராக, வோல்டேஜ் அசையவில்லை. அதாவது சூடு காரணமே இல்லை. எல்லாக் கிராஷுக்கும் ‘தூசி தட்டுங்க, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க’ என்று சொல்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். இன்றைய பிராசசரும் கார்டும் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், கேம் திணறும், ஃபிரேம் விழும். அதையும் மீறிச் சூடானால் மொத்தமாக அணைந்துவிடும். சூட்டினால் திணறாமல் கொள்ளாமல் நேராக டெஸ்க்டாப்புக்கு விழுவது குறைவு. சரி, லேப்டாப்பில் தூசி அடைத்திருந்தால் தட்டுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் பட்டியலில் கடைசியில் விண்டோஸ் ஹார்டுவேர் எர்ரர்ஸ் என்று ஒரு பகுதி வரும், அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். கேம் ஆடும்போது அந்த எண் ஏறினால் கேமைத் திட்டுவதை நிறுத்திவிடலாம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஓசிசிடி. கணினியைக் கசக்கிப் பிழியும் மென்பொருள் நிறைய உண்டு, கார்டைச் சூடாக்க ஃபர்மார்க், பிராசசருக்கு பிரைம்95 என்று. ஓசிசிடி ஒரே ஜன்னலில் பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, அதன் வீடியோ மெமரி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறது, கணக்கில் தவறு வந்தால் உடனே எண்ணிக் காட்டுகிறது. விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், இலவசப் பதிப்பில் ஒரு சோதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாது, அது பெரிய குறையாக எனக்குத் தெரியவில்லை. கிராபிக்ஸ் சோதனையில் சுமையை ஏற்றி இறக்கும் முறை ஒன்று இருக்கிறது, கட்டாயம் அதை ஓட்டுங்கள். கேம் என்பது ஒரே சீரான சுமை இல்லையே, லோடிங் திரையில் சும்மா இருந்த கார்டு அடுத்த கணமே முழு வேகத்துக்குத் தாவுகிறது, பலவீனமான ஓவர்கிளாக்கும் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பலவீனமான பவர் சப்ளையும் அந்தத் தாவலில்தான் வழுக்கும். ஃபர்மார்க்கில் அரை மணி நேரம் தாக்குப்பிடித்த கார்டு கேமில் பத்தாவது நிமிடம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிராசசரையும் கார்டையும் ஒன்றாக ஓட்டும் பவர் சோதனையும் அதில் உண்டு. தரமில்லாத எஸ்எம்பிஎஸ் இருந்தால் பக்கத்திலேயே இருந்து ஓட்டுங்கள், ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

என் விஷயத்தில் கார்டு தேறிவிட்டது, பிராசசர் தேறிவிட்டது, ராம் சோதனை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து நகர்ந்தது. உறுதிப்படுத்த மெம்டெஸ்ட்86. இது விண்டோஸுக்குள் ஓடாது, பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைக் கிளப்ப வேண்டும், அதுதான் இதன் பலமும்கூட, ஏனென்றால் விண்டோஸ் ஆக்கிரமித்திருக்கும் இடம் உட்பட ஏறக்குறைய முழு ராமையும் தொட்டுப் பார்க்கிறது. இலவசப் பதிப்பில் 4 சுற்று. மணிக்கணக்கில் ஓடும், பொறுமை வேண்டும். என் திரையில் முதல் சுற்று சுத்தமாகப் போனது, இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள், எழுதிய எண் ஒன்று, திரும்பி வந்த எண் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். அந்த ஒரு இலக்கம் போதும், ஒரு கேமைச் சாய்க்க. ராமில் ‘ஏதோ ரெண்டு பிழைதானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை, பூஜ்யம் அல்லது கோளாறு.

ஆனால் ராம் கெட்டுப்போகவில்லை! பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும், ஏஎம்டி மதர்போர்டுகளில் எக்ஸ்போ என்றும் வரும். ராம் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் இதை ஆன் செய்தால்தான் வரும், செய்யாவிட்டால் டிடிஆர்4 பல சமயம் 2133-இலும் டிடிஆர்5 பெரும்பாலும் 4800-இலும் ஓடும். கடையில் வாங்கியது என்னவோ அந்த வேகத்துக்குத்தான், ஆனாலும் தொழில்நுட்ப ரீதியில் அது ஓவர்கிளாக், உங்கள் பிராசசரும் மதர்போர்டும் அதைத் தாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான்கு ஸ்லாட்டிலும் ராம் மாட்டியிருந்தால் இன்னும் கடினம். எக்ஸ்எம்பியை அணைத்தேன், பிழை நின்றது. பிறகு ஆன் செய்து வேகத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கினேன், அப்போதும் சுத்தம், அப்படியே விட்டுவிட்டேன், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, உறைவதும் இல்லை. ஆகவே யாராவது என்னிடம் கேம் கிராஷ் என்று வந்தால் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: ஒரு நாளைக்கு எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், எதையும் நிறுவ வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம்.

மெம்டெஸ்ட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பெட்டிக்குள் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது. கேம் ஆடும்போது கார்டு கக்கும் சூடு நேராக ராமின் மேல் அடிக்கும், டிடிஆர்5 சூடானால் தடுமாறக்கூடியது. ஆகவே மெம்டெஸ்ட்டில் தேறினால் ராம் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது, தேறாவிட்டால் மட்டும் கோளாறு உண்டு என்று சத்தியம் செய்யலாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று சொல்லி கேம் விழுந்தால், குறிப்பாக அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சின்ன நிரல்கள்) தயாரிக்கும்போது விழுந்தால், கார்டை மாற்ற ஓடாதீர்கள். 2024-இல் பெரிதாக வெடித்த பிரச்சினை இது. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் தன்னையே கெடுத்துக்கொண்டது, அதனால் கோப்புகளை விரித்தெடுக்கும் கணக்கில் தவறு விழுந்தது, கேமோ அதை மெமரிப் பற்றாக்குறை என்று தப்பாகப் புரிந்துகொண்டு கத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் புதிய மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) கொடுத்தது, பயாஸ் அப்டேட்டாக வரும், கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அது திருப்பிக் கொண்டுவராது. அதற்காகத்தான் பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரன்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்தது. பூஸ்டர் ஸ்கேனில் இந்தக் கோளாறு காலத்துக்கும் வராது.

டிடியூ, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது: பழைய கிராபிக்ஸ் டிரைவரின் எச்சம் எதுவும் இல்லாமல் துடைத்துவிடும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய் ஓட்ட வேண்டும். துண்டிக்காவிட்டால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ மாறும்போது இது அருமை. மாதாமாதம் ஒவ்வொரு டிரைவர் அப்டேட்டுக்கும் இதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லாத வேலை. துடைத்த பிறகு புத்தம் புதிய டிரைவரைத்தான் போட வேண்டும் என்றும் இல்லை, கிராஷ் ஆரம்பித்ததற்கு முந்தைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதுதான் மருந்து. கார்டு தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்யப்பட்டு வந்ததாக இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலின் ஹெல்ப் மெனுவில் டிபக் மோடு என்று ஒன்று ஒளிந்திருக்கும், அதை டிக் செய்தால் கார்டு என்விடியாவின் மூல வேகத்துக்கு இறங்கும். அப்போது கிராஷ் நின்றால் கார்டு தயாரித்தவரிடம் பேசச் சரியான ஆதாரம் கிடைத்துவிட்டது.

கருவியே வேண்டாத சில்லறை விஷயங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேம் மட்டும், அதுவும் ஒரே இடத்தில் விழுந்தால் ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள். ஃபிரேம் காட்டுவது, அரட்டை, ரெக்கார்டிங் என்று திரைக்கு மேல் திரையாக ஓடும் ஓவர்லேக்கள் எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள். எஸ்எஸ்டி தேயும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் இடம்) அணைத்து வைத்திருந்தால் தயவுசெய்து ஆன் செய்து விண்டோஸ் கையில் விடுங்கள், ராமில் இடம் மிச்சமிருப்பதாகத் தெரிந்தாலும் கேம் கேட்ட நினைவகத்தை ஒதுக்க முடியாமல் சத்தமில்லாமல் விழுவது இப்படித்தான்.

இந்தக் கருவிகள் எல்லாம் கைவிரிக்கும் இடம் பவர் சப்ளை. வோல்டேஜைக் காட்டுவதாகச் சொல்லும் சென்சார் வரிகளை நம்ப முடியாது, ஒரு கணம் விழுந்து எழும் வோல்டேஜ் அவற்றில் பதிவே ஆகாது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. அதற்கு முன் ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் கார்டில் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிளாக மாற்றிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். கடன் வாங்கி மாட்டும்போது அதனுடன் வந்த கேபிள்களையே மாட்டுங்கள். கழற்றி மாட்டும் வகைக் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும், செருகினால் கச்சிதமாக உள்ளே போகும், ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் புகையும்.